கத்தி பிடித்த கைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோபி அறுவைச் சிகிச்சை ஒன்று முடிந்திருக்கிறது. செய்தவர் மூன்றாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர். எதிரில் நின்று மேற்பார்வை பார்த்தவர் மூத்த நிபுணர். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூத்தவர் படிவத்தில் ஒரு எண்ணை வட்டமிடுகிறார்: ஐந்துக்கு மூன்று. அதே அறுவையை வேறொருவர் நின்று பார்த்திருந்தால் நான்கு போட்டிருக்கலாம்; இன்னொருவர் இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் அந்த எண் யாரைப் பற்றியது? பயிற்சி மருத்துவரின் திறமையைப் பற்றியதா, படிவம் நிரப்பியவரின் குணத்தைப் பற்றியதா, அன்று மேசையில் இருந்தவரின் பித்தப்பை எவ்வளவு வீங்கிச் சிக்கலாகக் கிடந்தது என்பதைப் பற்றியதா?

எல்லாவற்றையும் பற்றியது என்பதே நேர்மையான பதில். இந்தக் கலவையிலிருந்து திறமையை மட்டும் எப்படி வடித்தெடுப்பது என்பதுதான் அறுவை அரங்க மதிப்பீட்டின் மையப் பிரச்சினை. நல்ல படிவம் ஒன்றைத் தயாரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். படிவத்தின் பங்கு சிறியது. எத்தனை முறை பார்த்தோம், எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்த எத்தனை நேரத்துக்குள் எழுதினார்கள் என்பவைதான் ஒரு மதிப்பெண்ணை நம்பலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கட்டுரை சொல்ல வருவது பெரும்பாலும் அவ்வளவுதான். மற்றவை அதற்கான காரணங்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் இன்றைய பயிற்சி முறைக்கு அடித்தளம் போட்டபோது, இத்தனை ஆண்டுகள் என்ற கணக்குக்கூடக் கிடையாது. சீடர் தேறிவிட்டார் என்று ஆசான் நினைக்கும் நாள் வரைக்கும் பயிற்சி நீளும். மதிப்பீட்டுக் கருவி என்று ஒன்று இருந்தது என்றால், அது ஹால்ஸ்டெட்டின் கண்தான். பின்னர் ஆண்டுக் கணக்கு வந்தது. எத்தனை அறுவைகள் என்று குறித்துவைக்கும் லாக் புக் வந்தது. பருவத்தின் முடிவில் துறைத் தலைவர் எழுதித் தரும் ‘திருப்திகரம்’ என்ற ஒற்றைச் சொல்லும் வந்தது.

பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று அமெரிக்காவில் 2003இல் வரம்பு வந்தது. ஐரோப்பிய விதி அதை 48 மணி நேரமாகவே குறுக்கியது. பத்து ஆண்டுகள் அரங்கிலேயே குடியிருந்தால் எப்படியும் கைபழகிவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இனி இடமில்லை. இருக்கும் நேரத்தில் ஒருவர் உண்மையிலேயே தேறினாரா என்று பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது.

லாக் புக் இதற்கு உதவாதா என்று கேட்கலாம். நூறு குடலிறக்க அறுவை என்று அதில் எழுதியிருந்தால், நூறு முறை அந்த அரங்கில் அவர் இருந்தார் என்பது தெரியும். அந்த நூறில் எத்தனையில் கத்தி அவர் கையில் இருந்தது, எத்தனையில் கொக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார் என்பது அந்த எண்ணில் தெரியாது. ‘நான் செய்தேன்’ என்று எழுதிய அறுவையிலும்கூட நிலைமை அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

உண்மையில் யார் செய்தார்கள்?

மேலே சொன்ன பித்தப்பை அறுவைக்கே திரும்பிப் போவோம். வயிற்றில் சிறு துளைகள் வழியாகக் கருவிகளும் கேமராவும் உள்ளே போயிருக்கின்றன. கல்லீரலுக்கு அடியில் பித்தப்பையின் கழுத்துப் பகுதி. அங்கேதான் பித்தப்பைக் குழாயும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும், கொழுப்புக்குள்ளும் சவ்வுக்குள்ளும் புதைந்து கிடக்கின்றன. பயிற்சி மருத்துவரின் இடக்கைக் கருவி பித்தப்பையின் கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். வலக்கையில் இருக்கும் மின்கொக்கி சவ்வை இழை இழையாகத் தூக்கி எரித்துப் பிரிக்க வேண்டும்.

சிறிது நேரம் நகர்வே இல்லை. மூத்தவர் “கொஞ்சம் என்னிடம் கொடுங்கள்” என்று இடக்கைக் கருவியை வாங்கிக்கொள்கிறார். பித்தப்பையைச் சற்று வெளிப்பக்கமாகவும் கீழாகவும் திருப்பி இழுக்கிறார். அவ்வளவுதான், மடங்கிக் கிடந்த சவ்வு விறைத்து நிற்கிறது. எங்கே எரிக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும்படி திரையில் பளிச்சென்று விரிகிறது. பயிற்சி மருத்துவர் விறைப்பாகத் தெரியும் இடத்தில் கொக்கியை வைத்து மிதிகட்டையை அழுத்துகிறார். வெட்டியது, எரித்தது, கிளிப் போட்டது எல்லாம் அவர்தான். வெளியிலிருந்து பார்ப்பவர் “முழுவதையும் அவரே செய்தார்” என்பார். லாக் புக்கிலும் அப்படித்தான் ஏறும். ஆனால் எந்தப் பக்கம் இழுத்தால் எது விரியும் என்ற அறிவு முழுவதும் மற்றொருவரின் கையில் இருந்தது. நாளை தனியாக நிற்கும்போது அந்த இழுவிசையைத் தருவதற்கு எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அறுவை அரங்கில் மதிப்பீடு ஏன் கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எழுத்துத் தேர்வில் ஒருவர் மற்றவருக்காக எழுத முடியாது. இங்கே இரண்டு பேரின் கைகள் ஒரே வேலையைச் செய்கின்றன. மூத்தவருக்கு முதல் கடமை நோயாளியிடம். ஆகவே தவறு நிகழும் முன்பே தடுத்துவிடுவார், தடுக்கத்தான் வேண்டும். அதனாலேயே அறுவையின் இறுதி விளைவை மட்டும் வைத்துப் பயிற்சி மருத்துவரை அளக்க முடியாது. நோயாளி நலமாக வீடு திரும்பினார் என்பது, மேசையைச் சுற்றி நின்ற குழுவுக்கே உரிய மதிப்பெண்.

படிவங்களின் கதை

1990களில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இந்தச் சிக்கலுக்கு முறையான தீர்வு தேடியது. ஓசாட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவர்களுடைய மதிப்பீட்டு முறை 1997இல் வெளியானது. இன்றுவரை உலகெங்கும் புழங்கும் படிவங்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு விதத்தில் அதன் வாரிசுகள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கான படிகளின் பட்டியல்: இதைச் செய்தாரா, அதைச் செய்தாரா என்று ஆம், இல்லை குறிப்பது. மற்றொன்று, எந்த அறுவைக்கும் பொருந்தும் ஏழு அம்சங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவது. திசுவை எவ்வளவு மென்மையாகக் கையாள்கிறார், கையசைவில் வீண் அசைவு எவ்வளவு, கருவிகளை எப்படிப் பிடிக்கிறார், அவற்றின் பெயரும் பயனும் தெரிந்து சரியானதைக் கேட்கிறாரா, உதவியாளர்களைப் பயன்படுத்துகிறாரா, அடுத்த படியை முன்கூட்டியே யோசித்து நகர்கிறாரா, அந்த அறுவையைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்பவையே அந்த ஏழு.

படிகளின் பட்டியல்தான் அதிகப் புறவயமானது, எனவே அதிக நம்பகமானது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆம், இல்லை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் எங்கே? ஆனால் ஆய்வுகள் வேறு மாதிரி பேசின. அனுபவசாலியையும் புதியவரையும் பிரித்துக் காட்டுவதில் அந்த ஏழு அம்சப் பொதுமதிப்பீடு, பட்டியலைவிட நன்றாகவே வேலை செய்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். முடிச்சைப் போட்டாரா என்ற கேள்விக்கு, முதலாம் ஆண்டு மாணவருக்கும் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் ‘ஆம்’ என்ற ஒரே பதில்தான். நூலை மேல்நோக்கி இழுத்துத் திசுவைக் கிழித்துக்கொண்டு போட்டாரா, விரல்நுனியை முடிச்சுவரை கொண்டுபோய்த் திசு அசையாமல் இறுக்கினாரா என்ற வேறுபாட்டைப் பட்டியல் பிடிக்காது. பழகிய கண் பிடிக்கும். நிபுணர்கள் படிகளைத் தாண்டிப் போவதும் உண்டு. அதற்காகப் பட்டியல் அவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

இந்த முறை பிறந்தது தேர்வுக்கூடத்தில். செயற்கை மாதிரிகளிலும் மயக்கமடையச் செய்த விலங்குகளிலும் எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் மதிப்பெண் போட்டார்கள். அறுவை அரங்கில் அந்த வசதிகள் எதுவும் கிடையாது. நோயாளிக்கு நோயாளி உடல் வேறு. மதிப்பெண் போடுபவரே எதிரில் நின்று உதவியும் செய்கிறார். தேர்வுக்கூடத்தில் கிடைத்த நம்பகத்தன்மையை அரங்கிலும் அப்படியே எதிர்பார்க்க முடியாது.

அரங்குக்கென்று வந்த படிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி 2012இல் வெளியான ஓ-ஸ்கோர். அதன் ஐந்து படிநிலைகளும் மூத்தவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்கள். ‘நானே செய்ய வேண்டியிருந்தது’ என்பது ஒன்று. ‘ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது’ என்பது இரண்டு. ‘அவ்வப்போது எடுத்துக்கொடுத்தால் போதும்’ என்பது மூன்று. ‘எதற்கும் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது’ என்பது நான்கு. ‘நான் இருந்திருக்கவே தேவையில்லை’ என்பது ஐந்து.

இது சொல்விளையாட்டு போலத் தோன்றலாம். ஆனால் மதிப்பிடுபவரின் மனத்தில் நடப்பது அடியோடு மாறுகிறது. ‘திறமை சராசரிக்கு மேல்’ என்று எழுதுவதற்கு, எந்தச் சராசரி என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் தன் வகுப்பு மாணவர்களோடு ஒப்பிடுவார். ஒருவர் தன் இளமைக்காலத்தோடு ஒப்பிடுவார், அதில் தேறுபவர்கள் சொற்பம். ‘நான் எத்தனை முறை கருவியை வாங்கினேன்’ என்பதற்கோ அப்படி ஒப்பீடு எதுவும் வேண்டாம். சற்றுமுன் நடந்ததை நினைத்துப் பார்த்தால் போதும். அறுவை நிபுணர்கள் நாள்தோறும் மனத்துக்குள் எடுத்துக்கொண்டே இருக்கும் முடிவு அது: இவரை விடலாமா, இன்னும் விடக் கூடாதா? படிவம் அந்த முடிவை அப்படியே எழுதச் சொல்கிறது. அமெரிக்காவில் புழங்கும் ஸ்விஷ் அளவுகோலும் இதே வழியில் போவதுதான். மூத்தவர் செய்துகாட்டினார், முனைந்து உதவினார், பின்தொடர்ந்து உதவினார், மேற்பார்வை மட்டும் பார்த்தார் என்று அதில் நான்கே நிலைகள்.

பித்தப்பையில் இடக்கைக் கருவியை வாங்கிக்கொண்ட மூத்தவர் இந்த அளவுகோலில் தடுமாறாமல் விடை சொல்லிவிடுவார். முனைந்து உதவினார், ஐயமே இல்லை.

ஒரு சோறு பதம் பார்த்தால் போதாது

இனி எண்களின் பக்கம். ஒரே ஆளை, ஒரே திறமையோடு, மறுபடி அளந்தால் ஏறக்குறைய அதே எண் வருமா என்பதுதான் நம்பகத்தன்மை என்பதன் சாரம். அதை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0 என்றால் மதிப்பெண்ணை நாணயம் சுண்டிப் போட்டிருக்கலாம் என்று பொருள். 1 என்றால் மதிப்பெண்களின் ஏற்ற இறக்கம் முழுவதும் ஆட்களின் திறமை வேறுபாட்டால் மட்டுமே வருகிறது. ஒருவரின் தேர்ச்சியையோ தோல்வியையோ தீர்மானிக்கும் மதிப்பீட்டுக்கு 0.8 ஆவது வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்த அரிசிக்கு அது பொருந்தும். ஒரு பயிற்சி மருத்துவரின் அறுவைகள் அப்படி ஒரே பானையில் வேகவில்லை. இன்று மெலிந்த நோயாளி, சிக்கலில்லாத பித்தப்பை, பொறுமையான மூத்தவர். நாளை வீக்கம் முற்றிப் பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொண்ட பித்தப்பை, பட்டியலில் இன்னும் நான்கு பேர் காத்திருப்பதால் அவசரப்படும் மூத்தவர். எடுத்த பருக்கை எது என்பதைப் பொறுத்துப் பதம் மாறும்.

எத்தனை பருக்கை வேண்டும்? இதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1910இல் ஸ்பியர்மேன், பிரௌன் என்ற இரு உளவியலாளர்கள் தனித்தனியாக வெளியிட்டது. இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. கணக்குக்காக, ஒரே ஒரு அறுவையைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை 0.3 என்று வைத்துக்கொள்வோம். நான்கு அறுவைகளின் சராசரியை எடுத்தால் அது 0.63 ஆக உயரும். பத்து அறுவைகளின் சராசரியில் 0.81. அதாவது, தனித்தனியாக எதற்கும் உதவாத பத்து மதிப்பெண்களைச் சேர்த்தால், ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் பயன்படும் ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. படிவத்தில் ஏழு கேள்விக்குப் பதிலாக இருபது கேள்வி வைத்தால் இதே பலன் கிடைக்குமா? கிடைக்காது. இருபது கேள்விக்கும் விடை சொல்பவர் ஒருவரே, பார்த்த அறுவையும் ஒன்றே. நீண்ட படிவம் நிரப்புபவரைக் களைப்படையச் செய்யும். புதிய தகவல் எதையும் கொண்டுவராது.

அந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பத்து மதிப்பெண்ணையும் ஒரே மூத்தவர் போட்டிருந்தால்? அவர் கஞ்சத்தனமாக மதிப்பெண் போடுபவர் என்றால், பத்து முறையும் அதே கஞ்சத்தனம்தான். சராசரி எடுத்தால் தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். ஒரே பக்கம் சாய்ந்த பிழை மறையாது. இருவர் வெவ்வேறு பிரிவுகளில் பயிற்சி பெற்று, ஒருவருக்கு இளகிய மனம் கொண்டவரும் மற்றவருக்குக் கறார்ப் பேர்வழியும் வாய்த்தால், அவர்களின் சராசரிகளை ஒப்பிடுவதில் நியாயமே இல்லை. எனவே எண்ணிக்கையோடு கண்களும் பலவாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கத்தில் பயிற்சி மருத்துவருக்கு எவ்வளவு பங்கு, மதிப்பிடுபவருக்கு எவ்வளவு, நோயாளிக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறையை உளவியலாளர் கிரான்பாக் முதலானோர் 1972இல் முழு வடிவில் தந்தார்கள். இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுவது அதன் கணக்குகள்தான்.

நோயாளியின் பங்கைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கடினமான அறுவை என்றால் மூத்தவர் தானே செய்துவிடுவார். எளிதானவை மட்டுமே பயிற்சி மருத்துவருக்கு வந்து சேரும். அதில் அவருக்கு நான்கும் ஐந்துமாகக் குவியும். துணிச்சலாகக் கடினமானதை எடுத்துச் செய்தவருக்கு மூன்று விழும். இதைச் சரிக்கட்டத்தான் அமெரிக்காவில் பல பயிற்சி மையங்கள் பயன்படுத்தும் சிம்பிள் என்ற கைபேசிச் செயலி, எவ்வளவு தூரம் தன்னிச்சையாகச் செய்தார், எப்படிச் செய்தார் என்ற கேள்விகளோடு, ‘இந்த நோயாளி இதே அறுவைக்கு வருபவர்களில் எளிதான மூன்றில் ஒரு பங்கில் சேர்வாரா, நடுவிலா, கடினமானதிலா’ என்றும் கேட்கிறது. மொத்தமே மூன்று கேள்விகள். பயிற்சி மருத்துவரும் தன்னைத் தானே மதிப்பிடுகிறார். விரும்பினால் மூத்தவர் ஓரிரு வாக்கியங்களைக் குரலாகவே பதிவுசெய்துவிடலாம்.

அந்தச் செயலியில் இன்னொரு நல்ல கறார்த்தனம்: 72 மணி நேரத்துக்குள் நிரப்பாவிட்டால் வாய்ப்பு மூடிக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து, அடுக்கிக் கிடக்கும் படிவங்களை ஒரு பிற்பகலில் உட்கார்ந்து நிரப்பியவர்களைக் கேட்டால் ஏன் என்று தெரியும். எந்த அறுவையில் யார் தடுமாறினார்கள் என்ற விவரம் அதற்குள் கரைந்து போயிருக்கும். மிஞ்சியிருப்பது அந்த ஆளைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம் மட்டும். அந்த அபிப்பிராயம்தான் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணாக நிரம்பும்.

மனிதர்களின் கோணல்கள்

இந்த ஒரே எண் நோய் பழையது. அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் 1920இலேயே, ராணுவ அதிகாரிகளைப் பற்றி மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்களை வைத்து இதைக் காட்டினார். உடல்தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாம் ஒன்றோடொன்று சந்தேகப்படும் அளவுக்கு ஒத்துப்போயின. ஒரு நல்ல அம்சம் கண்ணில் பட்டதும் மற்றவையும் அதன் வெளிச்சத்தில் நல்லதாகத் தெரிகின்றன. அறுவை அரங்கிலும் அதேதான். காலையில் முதல் ஆளாக வந்து, நோயாளியின் ஸ்கேன் படங்களை விரல்நுனியில் வைத்திருக்கும் இனிமையான பயிற்சி மருத்துவருக்குக் கை சற்று முரடாக இருந்தாலும் ‘திசுக் கையாளுதல்: 4’ விழுந்துவிடும். வாயாடிக்கு நேர்மாறு.

இதைவிடப் பெரிய தொல்லை தாட்சண்யம். நாளைக் காலையும் அதே ஆளோடு மேசையருகில் நிற்க வேண்டும். யார்தான் முகத்துக்கு நேரே இரண்டு போடுவார்கள்? குறைத்துப் போட்டால் காரணம் எழுத வேண்டும், மேல்முறையீடு வந்தால் பதில் சொல்ல வேண்டும். ஆகவே மதிப்பெண்கள் எல்லாம் மேல்முனையில் போய்க் குவிகின்றன. எல்லோருக்கும் நான்கரை என்றால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்றே பொருள். மதிப்பிடுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இது சரியாகிவிடும் என்று பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறார்கள். ஒரே காணொளியை எல்லோருக்கும் காட்டி, மதிப்பெண் போடவைத்து, ஏன் வேறுபட்டோம் என்று பேசவைப்பது ஓரளவு பலன் தருகிறது. முழுத் தீர்வு அது அல்ல. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, எழுதத் தயக்கம் என்பதுதான் பாதிப் பிரச்சினை. தயக்கத்துக்குப் பட்டறையில் மருந்து கிடையாது.

காணொளி இந்த இடத்தில் கைகொடுக்கிறது. லேப்ராஸ்கோபி அறுவையில் கேமரா ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பதிவுசெய்து, பெயரை மறைத்து, முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் தாட்சண்யமும் முன்முடிவும் பெருமளவு ஒழியும். அப்படிப் போட்ட மதிப்பெண்ணுக்கு மதிப்பு உண்டா? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. ஓர் எண் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் மட்டும் போதாது. அளக்க வேண்டியதை அளக்கவும் வேண்டும். தேர்வியலில் இதை ஏற்புடைமை என்பார்கள். எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடைக்கருவியும் நம்பகமானதுதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதற்கு அழுத்தமான சான்று. உடல் பருமனுக்கான இரைப்பை மாற்றுப்பாதை அறுவை செய்யும் 20 நிபுணர்கள் தலைக்கு ஒரு காணொளி கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது பத்துச் சக நிபுணர்கள், யாருடையது என்று தெரியாமல், ஐந்துக்கு மதிப்பெண் போட்டார்கள். எல்லோரும் பல ஆண்டுகளாகத் தொழில் செய்பவர்கள். இருந்தும் சராசரிகள் 2.6 முதல் 4.8 வரை பரந்து கிடந்தன. அந்த மதிப்பெண்களை அவர்களுடைய நோயாளிகளின் விளைவுகளோடு ஒப்பிட்டபோது, கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் வந்திருந்தன. முதல் கால்பங்கினரிடம் அது 5.2 சதவீதம். இறப்பு விகிதத்திலும் அதே திசையில் வேறுபாடு: 0.26 சதவீதம், 0.05 சதவீதம். கையசைவைப் பார்த்துப் போடும் மதிப்பெண் வெறும் அழகியல் தீர்ப்பு அல்ல என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. ஒரே ஒரு காணொளிக்கு இவ்வளவு வலு இருந்தது எப்படி என்ற ஐயம் எழலாம். பத்துக்கு மேற்பட்ட கண்கள் பார்த்தன என்பதைக் கவனியுங்கள். எந்தக் காணொளியைக் கொடுப்பது என்பதையும் அந்த நிபுணர்களே தேர்ந்தெடுத்தார்கள். தன் சிறந்த முகத்தைக் காட்டியும் 2.6 வாங்கியவர் இருக்கிறார் என்பதுதான் யோசிக்கவைப்பது.

ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் கேமராவுக்கு வெளியே நடப்பது தெரியாது. மயக்க மருத்துவர் “ரத்த அழுத்தம் இறங்குகிறது” என்றபோது கை நின்றதா, வழி புலப்படாதபோது உதவி கேட்டாரா, குழுவிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னாரா என்பவை பதிவில் இல்லை. அரங்கில் நடக்கும் விபத்துகளில் பல, கை தவறியதால் நிகழ்பவை அல்ல. பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நிகழ்பவை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உருவான நாட்ஸ் என்ற முறை இவற்றுக்கென்றே இருக்கிறது: சூழலை உணர்தல், முடிவெடுத்தல், தகவல் பரிமாற்றமும் குழுவேலையும், தலைமை என்று நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள்.

பித்தப்பை அறுவையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே எல்லோரும் அஞ்சும் விபத்து, பித்தப்பைக் குழாய் என்று நினைத்து, குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. இதைத் தவிர்க்க அறுவை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1995இல் விளக்கிய நிபந்தனைகள் இன்று எங்கும் கற்பிக்கப்படுகின்றன. பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நாரும் முழுவதும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பைக்குள் குழாய், தமனி என்ற இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டும் நுழைவது தெரிய வேண்டும். அதற்குப் பிறகே கிளிப். மதிப்பிடுபவருக்கு இது அரிய வாய்ப்பு. கிளிப்பைக் கேட்கும் முன் பயிற்சி மருத்துவர் தானாக நிறுத்தி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, மூன்றும் தெரிகிறதா என்று சரிபார்த்தாரா? மூத்தவர் “பொறுங்கள், இன்னும் தெரியவில்லை” என்று சொல்ல வேண்டியிருந்ததா? கையின் நளினத்தைவிட இந்த நிறுத்தம் அதிகம் சொல்லும். மூன்று நிபந்தனையும் நிறைவேறாது என்று புரிந்து, வேறு பாதுகாப்பான வழிக்கு மாறலாமா என்று அவரே கேட்டிருந்தால், அந்த அறுவையை முடிக்காவிட்டாலும் நான் உயர்ந்த மதிப்பெண்ணே போடச் சொல்வேன்.

இப்போது காற்று வீசும் திசை, பெரிய தேர்வு ஒன்றை விட்டுவிட்டுச் சிறுசிறு மதிப்பீடுகளைக் குவிப்பது. அமெரிக்க அறுவைச் சிகிச்சை வாரியம் 2023 ஜூலை முதல் பொது அறுவைக்கு 18 தொழிற்பணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவரை எவ்வளவு தூரம் நம்பி விடலாம் என்று அவ்வப்போது பதிவுசெய்யச் சொல்கிறது. தனி ஒரு பதிவால் யாரும் தேறுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. பலர் போட்ட பல மதிப்பெண்களை ஒரு குழு உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்கிறது. ஒவ்வொரு எண்ணின் சுமையும் குறைவதால், மூத்தவரின் தாட்சண்யமும் கொஞ்சம் தளரும் என்பது எதிர்பார்ப்பு.

நடைமுறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான இடங்களில், “சார், இன்றைக்கு எனக்கு மதிப்பீடு போடுகிறீர்களா?” என்று கேட்கும் உரிமை பயிற்சி மருத்துவரிடமே விடப்படுகிறது. அறுவை நன்றாகப் போன நாளில் கேட்பார். சொதப்பிய நாளில் சத்தமில்லாமல் நழுவிவிடுவார். இளகிய மனம் படைத்த மூத்தவரைத் தேடிப் போவார். எவ்வளவு பதிவுகள் குவிந்தாலும், அவை நல்ல நாட்களின் தொகுப்பாகவே இருக்கும். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அதைத் திருத்தாது. எந்த அறுவையை மதிப்பிடுவது என்பதைப் பயிற்சி மருத்துவர் தீர்மானிக்காமல், அரங்கின் அட்டவணையே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு முக்கிய அறுவைக்கும் கோரிக்கை தானாகவே இருவர் கைபேசிக்கும் போக வேண்டும், அல்லது குலுக்கல் முறையில் சில அறுவைகள் தேர்வாக வேண்டும். எத்தனை கோரிக்கைகள் நிரப்பப்படாமல் காலாவதியாயின என்ற எண்ணையும் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். எழுதப்படாமல் போன மதிப்பெண்கள் எந்த மூத்தவரிடம், எந்த வகை அறுவையில் அதிகம் என்று பார்த்தாலே, எழுதப்பட்டவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது பாதி விளங்கிவிடும்.